தூங்கும் வௌவாலை எழுப்பாமல் எண்ண முடியுமா?

கேள்வி இது: "அமெரிக்காவில் வெள்ளை மூக்கு நோயால் லட்சக்கணக்கில் வௌவால்கள் செத்தன என்று படித்தேன். குகைக்குள், இருட்டில், குளிர்காலம் முழுக்கத் தூங்கும் பிராணியை யார் போய் எண்ணினார்கள்? எண்ணப் போகிறவர்களே அவற்றை எழுப்பிக் கெடுத்துவிட மாட்டார்களா?"

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், எழுப்பத்தான் செய்கிறார்கள். எவ்வளவு குறைவாக எழுப்புவது என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் இரண்டு குளிர்காலம் கணக்கெடுப்புக் குழுக்களோடு எடுபிடியாகப் போயிருக்கிறேன். ஆராய்ச்சியாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். குறிப்பு எழுதுவது, பை சுமப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது, இவைதான் என் வேலை. மூன்றாவதுதான் கஷ்டம்.

அங்கே அதிகம் அடிபட்ட சிறு பழுப்பு வௌவாலின் எடை ஏழெட்டு கிராம். நம்மூர்ப் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அக்டோபர் வாக்கில் குகைக்குள் போனால் ஏப்ரல் வரை சாப்பாடு கிடையாது, வெளியே ஒரு பூச்சியும் பறக்காது. இலையுதிர் காலத்தில் உடம்பில் ஏற்றிவைத்த சில கிராம் கொழுப்புதான் ஆறு மாதத்துக்கும் கையிருப்பு. அதனால் உடல் சூட்டைக் குகையின் சூட்டளவுக்கே இறக்கிவிடுகிறது. இதயம் நிமிடத்துக்குப் பத்திருபது முறைதான் துடிக்கும். ஆனாலும் ஒரேயடியாகத் தூங்குவதில்லை. சராசரியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விழித்து, உடம்பைச் சூடாக்கி, கொஞ்சம் தண்ணீர் நக்கிவிட்டு மறுபடி தூங்கும். செலவு அங்கேதான். ஒருமுறை விழித்தால் ஏறத்தாழ 100 மில்லிகிராம் கொழுப்பு போய்விடும். அதே கொழுப்பை வைத்துக்கொண்டு விழிக்காமல் கிடந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டியிருக்கலாம். குளிர்காலச் செலவில் பெரும்பங்கு இந்தச் சில மணி நேர விழிப்புகளுக்கே போகிறது.

இப்போது இந்த நோயைக் கொண்டுவரும் பூஞ்சை என்ன செய்கிறது என்று பாருங்கள். சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ் என்று பெயர் (2009-இல் ஜியோமைசிஸ் என்று வைத்தார்கள், 2013-இல் இந்தப் பேரினத்துக்கு மாற்றினார்கள்). குளிர் பிரியன். 12 முதல் 16 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும், 20-க்கு மேல் நின்றுவிடும். விழித்திருக்கும் வௌவாலின் சூட்டில் அதற்கு வாழ்வில்லை. தூங்கும் வௌவாலோ குளிர்பதனப் பெட்டியில் வைத்த ரொட்டி மாதிரி. மூக்கில் வெள்ளையாகத் தெரிவது வெளிவேஷம்தான், உண்மையான சேதம் இறக்கையில். தோலைக் குழிகுழியாக அரிக்கிறது. உடம்பின் நீரும் உப்பும் நிலைகெடுகின்றன. வௌவால் அடிக்கடி விழிக்கிறது. முதுகில் சிறு வெப்பமானி ஒட்டிப் பார்த்த ஆய்வில், நோய் கண்டவற்றின் தூக்க இடைவெளி பாதியாகச் சுருங்கியிருந்தது. ஜனவரி, பிப்ரவரியிலேயே கொழுப்பு தீர்ந்து, பட்டப்பகலில் பனியில் பறந்து வந்து விழுந்து சாகின்றன.

ஆக, நோய் கொல்வது எழுப்பி. எண்ணப் போகிறவனும் எழுப்புகிறான். உங்கள் சந்தேகம் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறது. தொடவே தொடாமல் வெறுமனே உள்ளே போய்வந்தாலே என்ன ஆகிறது என்று 1990-களில் கனடாவில் அளந்து பார்த்தார்கள். ஆட்கள் வெளியேறிய அரை மணியில் வௌவால்கள் பறக்கத் தொடங்கின, சில தடவை எட்டு மணி நேரத்துக்கும் மேல் அடங்கவில்லை. உள்ளே இருந்தபோது எல்லாம் அமைதியாகத்தான் தெரிந்திருக்கும். "நாங்கள் ஒன்றையும் எழுப்பவில்லை" என்று பழைய குழுக்கள் நம்பியதற்குக் காரணம், அவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டதுதான்.

சரி, யார் எண்ணினார்கள்? இதில் ஒரு தற்செயல் இருக்கிறது. இண்டியானா வௌவால் 1967-லேயே அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்காக 1980-களிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில், முக்கியமான குகைகளிலும் கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் எண்ணிவந்தார்கள். இரண்டு வருடம் என்ற இடைவெளியே தொந்தரவைப் பாதியாக்கத்தான். அப்படிப் போனபோது பக்கத்தில் தொங்கிய மற்ற இனங்களையும் போகிறபோக்கில் குறித்துவைத்தார்கள். சிறு பழுப்பு வௌவால் அப்போது காக்கை குருவி மாதிரி, எங்கு பார்த்தாலும் இருந்தது. அதை எண்ணுவானேன் என்று "ஏராளம்" என்று எழுதிவிட்டு வந்த இடங்களும் உண்டு. அந்த "ஏராளம்" பிற்பாடு எத்தனை பேர் தலையில் அடித்துக்கொள்ள வைத்தது என்பதை நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில், ஆல்பனி நகரத்துக்கு மேற்கே ஹவ் குகைத் தொகுதியில், குகைகளுக்குள் ஏறி இறங்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவர் மூக்கில் வெள்ளை அப்பிய வௌவால்களைப் படமெடுத்தார். அதுதான் முதல் சாட்சி. அடுத்த குளிர்காலத்தில் அதே வட்டாரக் குகைகளுக்கு வழக்கமான கணக்கெடுப்புக்குப் போன மாநில உயிரியலாளர்கள் பிணக்குவியலைப் பார்த்தார்கள். பூஞ்சைதான் காரணம் என்று ஆய்வகத்தில் நிரூபணமானது 2011-இல். அதற்குள் நோய் பல மாநிலங்களைத் தாண்டி, 2010-இலேயே கனடாவுக்குள்ளும் போய்விட்டது.

உள்ளே எப்படி எண்ணுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்போம். நான் போன சுரங்கம் இரும்புக்காகத் தோண்டிக் கைவிட்டது. வாயில் கம்பிக் கதவு. வௌவால் பறக்க இடமிருக்கும், ஆள் நுழைய முடியாது. மூன்று பேருக்கு மேல் போவதில்லை. உள்ளே போகும் முன்பே யார் எந்தச் சுவர், யார் குறிப்பு என்று பேசி முடித்துவிட வேண்டும். உள்ளே பேச்சு கிசுகிசுப்புதான், அதுவும் எண் மட்டும். விளக்கை ஒரு கொத்தின் மேல் சில விநாடிக்கு மேல் நிறுத்தக் கூடாது. கூரை தாழ்வான இடத்தில் நம் மூச்சின் சூடுகூட அவற்றின் மேல் படும், முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்வார்கள். தனியாகத் தொங்கும் மூவண்ண வௌவால் மேல் ஈரம் முத்து முத்தாகக் கோத்திருக்கும். விளக்குப் பட்டதும் வெள்ளிப் பொம்மை மாதிரி மினுங்கும். நோயின் வெள்ளை என்று முதல் நாள் நான் குறிக்கப் போனது அந்த நீர்த்துளியைத்தான். தலைவர் என் தோளைத் தட்டி, தலையை மட்டும் ஆட்டினார்.

தனித்தனியாகத் தொங்கினால் எண்ணுவது சுலபம். கொத்தாக இருந்தால்தான் தகராறு. இண்டியானா வௌவால்கள் ஒரு சதுர அடியில் முந்நூறுக்கு மேல் நெருக்கி அடைந்துகொள்ளும். பழைய முறை, கொத்தின் பரப்பை அடிக்கணக்கில் மதிப்பிட்டு, அடர்த்தியால் பெருக்குவது. மதிப்பிடுபவர் மாறினால் மொத்தமும் மாறும். இப்போது நல்ல கேமராவில் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பிறகு கணினித் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு மூக்கின் மேலும் ஒரு புள்ளி வைத்து எண்ணுகிறார்கள். மூக்குதான் அலகு. காது ஒன்றை ஒன்று மறைக்கும், இறக்கை மடிந்து கிடக்கும், மூக்கு மட்டும் எப்படியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே படத்தில் எனக்கு 212, என் பக்கத்தில் இருந்தவருக்கு 219. மூன்றாவது முறை இருவரும் சேர்ந்து எண்ணினோம், 217. குகைக்குள் நின்றுகொண்டு இந்தச் சண்டையைப் போட்டிருந்தால் கொத்தே கலைந்திருக்கும். கேமராவின் பெரிய உபகாரம் துல்லியம் என்று பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், வௌவாலிடமிருந்து சண்டையைத் தூரமாகக் கொண்டுபோனதுதான்.

எண்ணில் வராதவை என்ன என்பது இதைவிடப் பெரிய விஷயம். வடக்கு நீள்செவி வௌவால் வெட்டவெளியில் தொங்காது. பாறைப் பிளவுக்குள் புகுந்துகொள்ளும், மூக்கு நுனியோ காது நுனியோ தெரிந்தால் அதிர்ஷ்டம். நோய்க்கு முன்பே குகைக் கணக்கில் இது சொற்பமாகத்தான் வந்தது. ஆகவே ஒரு சுரங்கத்தில் பத்து இருந்து, இப்போது பூஜ்யம் என்றால், அந்தப் பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம்? செத்தனவா, வேறு பிளவுக்குப் போயினவா, நாம் பார்க்கவில்லையா? ஒரு குகையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான இடங்களின் பல வருடக் கணக்கைச் சேர்த்து வைத்தால் சொல்லலாம். 2021-இல் அப்படித்தான் 27 மாநிலங்கள், 2 கனடிய மாகாணங்களில் இருநூறுக்கு மேற்பட்ட உறக்கிடங்களின் (வௌவால்கள் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் குகை, சுரங்கங்களின்) கணக்கை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். வடக்கு நீள்செவி, சிறு பழுப்பு, மூவண்ண வௌவால் மூன்றும் பத்தாண்டுக்குள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. அதற்கு முன், 2011-இல், ஐந்து மாநிலங்களின் 42 இடங்களை மட்டும் வைத்துப் பார்த்தபோதே மொத்தத்தில் 88 சதவீதச் சரிவு தெரிந்தது. நீள்செவி 98 சதவீதம், பெரும் பழுப்பு வௌவால் 41 சதவீதம். எல்லா இனத்துக்கும் ஒரே அடி இல்லை.

நீங்கள் படித்த "லட்சக்கணக்கில்" என்பது அநேகமாக 2012 ஜனவரியில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை வெளியிட்ட மதிப்பீடாக இருக்கும்: 57 லட்சம் முதல் 67 லட்சம் வரை. இத்தனை பிணத்தை யாரும் எண்ணவில்லை. பிணம் மிஞ்சுவதே இல்லை. ரக்கூன் தின்னும், மிச்சம் மக்கிப்போகும். தெரிந்த இடங்களின் சரிவைத் தெரியாத இடங்களுக்கும் நீட்டிப் போட்ட கணக்கு அது. தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி மேற்கோள் காட்டுவது சரியல்ல. 42 இடங்களில் நேரில் எண்ணிய 88 சதவீதத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

எண்ணிக்கை ஒரு பக்கம். நோய் வந்துவிட்டதா என்று அறிவது தனி வேலை, இதற்குக் கண்ணை நம்ப முடியாது. வௌவால் விழிக்கும்போது தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், வெள்ளை போய்விடும். குளிர்காலத் தொடக்கத்தில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நோய் நன்றாக முற்றித் தெரிவது பிப்ரவரி, மார்ச்சில். பஞ்சுக்குச்சியை நனைத்து முன்கையிலும் மூக்கிலும் உருட்டி எடுத்து பிசிஆர் சோதனைக்கு அனுப்புகிறார்கள். கொரோனா காலத்தில் நம் எல்லார் மூக்கிலும் விட்டார்களே, ஏறக்குறைய அதே குச்சி, அதே சோதனை. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: நீண்ட அலை புற ஊதா விளக்கு. இறக்கையை விரித்துப் பின்னாலிருந்து இந்த விளக்கை அடித்தால், பூஞ்சை அரித்த புள்ளிகள் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒளிரும். வெறுங்கண்ணுக்கு நல்ல இறக்கையாகத் தெரிந்தது, அந்த ஒளியில் இரவு நேரத்து ஊரை விமானத்திலிருந்து பார்ப்பது போல இருக்கும். முன்பெல்லாம் உறுதிசெய்ய வௌவாலைக் கொன்று தோலை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அந்த ஒளிரும் இடத்தில் மட்டும் துளி தோலை எடுத்தால் போதும்.

தொடாமலே மாதிரி எடுக்கவும் வழியுண்டு. உறக்கிடத்துச் சுவர், தரை மண் இவற்றைத் துடைத்து எடுக்கலாம். வௌவால்கள் போய்விட்ட பிறகும் பூஞ்சை அந்த மண்ணில் பல வருடம் உயிரோடிருக்கும். இதனால்தான் துணியும் காலணியும் பெரிய பிரச்சினை. ஒரு குகையில் போட்ட உடுப்பை அப்படியே அடுத்த குகைக்குக் கொண்டுபோவது குற்றத்துக்குச் சமம். ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் மேலுடுப்பு. மற்றதெல்லாம் 55 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் முழுக ஊற வேண்டும். என் காலணியின் தையல் இரண்டாவது வெந்நீர்க் குளியலிலேயே பிரிந்துவிட்டது, மூன்றாவது தடவைக்குக் கடன் வாங்கினேன். ரப்பர் பூட்ஸ் வாங்கச் சொன்னதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

2020-இல் இன்னொரு திருப்பம் வந்தது. வௌவாலிடமிருந்து மனிதனுக்கு என்று உலகமே பயந்துகொண்டிருக்க, அமெரிக்காவில் இந்தத் துறையினர் பயந்தது மனிதனிடமிருந்து வௌவாலுக்கு. ஏற்கெனவே நொந்த கூட்டத்தில் கொரோனாவையும் விட்டுவிடுவோமோ என்று கையால் பிடிக்கும் வேலைகளைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள்.

உள்ளே போகாமலே கண்காணிக்க முடியாதா என்றால், ஓரளவு முடியும். குகை வாயில் அகச்சிவப்புக் கதிர் வேலி வைத்தால், ஒவ்வொரு வௌவாலும் கதிரை வெட்டிக்கொண்டு போகும்போது பதிவாகும். ஜனவரியில் பகலில் அந்தப் பதிவு எகிறினாலே விபரீதம் என்று தெரிந்துவிடும். கோடையில் பெண் வௌவால்கள் குட்டிபோடக் கூடும் கொட்டகை வாசலில், அந்தியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெளியேறுவதை எண்ணலாம். இதற்கு ஊர்ப் பொதுமக்களே போதும். இதையெல்லாம் ஒரே சட்டகத்தில் கொண்டுவர 2015 முதல் வட அமெரிக்க வௌவால் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. கண்டம் முழுவதையும் 10 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் கட்டமாகப் பிரித்து, தேர்ந்த கட்டங்களில் வௌவாலின் மீயொலியை (நம் காதுக்கு எட்டாத உச்ச ஒலியை) பதிவுசெய்கிறார்கள். ஒரு குறை உண்டு: ஒலிப்பதிவு தலையை எண்ணாது. ஒரே வௌவால் நூறு தடவை சுற்றினாலும் நூறு பதிவு. கூடியதா குறைந்ததா என்ற போக்கு தெரியும், தொகை தெரியாது. சிறு பழுப்பு, இண்டியானா, வடக்கு நீள்செவி எல்லாம் அடங்கிய மயோட்டிஸ் பேரினத்து வௌவால்களை ஒலியை வைத்துப் பிரிப்பதும் தலைவலி. அதனால் குகைக்குள் போவதை முற்றிலும் விட முடியவில்லை.

சரி, கணக்கு கூடினால் சந்தோஷப்படலாமா? அங்கேயும் பொறுக்க வேண்டும். நியூ ஜெர்சியின் ஹைபெர்னியா சுரங்கத்தில் சுமார் 30,000 இருந்தவை சில நூறாகச் சுருங்கின. அப்படிச் சுருங்கிய இடங்கள் சிலவற்றில் எண்ணிக்கை பிறகு சரியாமல் நின்றது, சிலவற்றில் மெல்ல ஏறவும் செய்தது. பிழைத்தவை தேறிவிட்டனவா, அல்லது பக்கத்துக் குகைகள் காலியாகி மிச்சம் இங்கே வந்து சேர்கிறதா? தலையெண்ணிக்கை இதைச் சொல்லாது. முன்கையில் அலுமினிய வளையம் மாட்டி, அதே வௌவால் அடுத்த வருடம் வருகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்ததில் வளர்ந்த வௌவால்களின் பிழைப்பு விகிதம் உண்மையிலேயே கொஞ்சம் மீண்டிருப்பது தெரிந்தது. பிழைத்த கூட்டங்கள் சிலவற்றில் இப்போது முன்பைவிட அதிகக் கொழுப்போடு தூங்கப் போகின்றன என்பதும் எடைபோட்டுக் கண்டது. ஆனால் வருடத்துக்கு ஒரே குட்டி போடும் பிராணி இது. எலி வேகத்தில் பெருகாது.

வெப்பமானி வைத்ததால் கிடைத்த ஒரு தகவல் கசப்பானது. பூஞ்சை நன்றாக வளரும் சூடான உறக்கிடங்களில்தான் அதிகம் சாகின்றன. ஆனால் மிச்சிகன், விஸ்கான்சின் பகுதிகளில் நோய் வந்து பல வருடம் கழித்தும் பாதிக்கு மேற்பட்டவை அதே சூடான இடங்களைத்தான் தேடிப் போயின. சில சுரங்கங்களில் காற்றோட்டத்தை மாற்றிக் குளிரவைத்துப் பார்ப்பது இந்தக் கணக்கிலிருந்து பிறந்த யோசனைதான்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 2024-இல் வந்த ஓர் ஆய்வு, நோயால் வௌவால் குறைந்த மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிக்கொல்லி தெளிப்பது சராசரியாக 31 சதவீதம் கூடியதாகவும், அதோடு சிசு மரணமும் சுமார் 8 சதவீதம் கூடியதாகவும் கண்டது. வௌவால் இருந்தது, இல்லாமல் போனது என்ற குகைப் பதிவு இல்லாவிட்டால் இந்த ஒப்பீட்டையே செய்திருக்க முடியாது.

நம்மூருக்கு வருமா என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். கோயில் மண்டபத்து இருட்டில் தொங்கும் நம் வௌவால்கள் ஆறு மாதம் குளிர்த்தூக்கம் போடுவதில்லை. 20 டிகிரிக்கு மேல் வளராத பூஞ்சைக்குத் தமிழ்நாட்டுச் சமவெளியில் இடமே இல்லை. ஐரோப்பாவிலும் சீனாவிலும் பூஞ்சை இருக்கிறது, அங்கே வௌவால்கள் கூட்டங்கூட்டமாகச் சாவதில்லை. நெடுங்காலம் பழகிப்போயிருக்கின்றன. பழகாத கண்டத்துக்கு அது போய்ச் சேர்ந்ததுதான் கேடு.

கடைசியாக நான் போன கணக்கெடுப்பில், வழக்கமாக முடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், கூரை மடிப்பில் ஒற்றை சிறு பழுப்பு வௌவால். முன்கையில் வளையம் மினுங்கியது. இந்த இனத்தில் முப்பது வயதைத் தாண்டியவையும் பதிவாகியிருக்கின்றன. அது நோய்க்கு முந்தைய வளையமாக இருந்தால் பெரிய செய்தி. எண் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. படிக்க வேண்டுமென்றால் இறக்கையை விரலால் கொஞ்சம் நகர்த்த வேண்டும். தலைவர் விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்தார். நான் தாளில் எழுதினேன்: "1, வளையம் உண்டு, எண் படிக்கவில்லை."